700 டொலருக்குள் அப்பாவுக்கு ஒரு லப்டொப்

ஸ்காபரோவில் எந்தக் கலியாண ஹோலுக்குப் போனாலும், றோல்ஸ் தட்டு மேசைக்கு வந்து சேர முன்னம் இந்தக் கேள்வி வந்து சேர்ந்துவிடும். "தம்பி, நீர் கொம்பியூட்டர் வேலைதானே. நல்ல லப்டொப் ஒண்டு சொல்லும் பாப்பம். விலை கூடாமல் இருக்க வேணும்."

இந்தக் கேள்விக்கு இத்தனை வருடமாக ஏதோ ஒரு பெயரைச் சொல்லித் தப்பி வந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், நான் வேலை செய்வது கம்பனி தந்த கணினியில். கடையில் நின்று விலைச்சீட்டைப் பார்த்து, வரியைக் கூட்டி, சொந்தக் காசில் நடுத்தர லப்டொப் வாங்கிய அனுபவம் எனக்கும் குறைவுதான். போன மாதம் அந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்தது. கேட்டவர் அப்பா.

"தம்பி, திரையில ஏதோ எழுதிக் காட்டுது. இனிப் பாதுகாப்பு இல்லையாம். இது பழுதாப் போகப் போகுதோ?"

பழுதாகவில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ற் வழங்கி வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டன. அந்த அறிவித்தல்தான் அது. உங்கள் வீடுகளிலும் பலருக்கு இது வந்திருக்கும். அதோடு 'கறுப்பு வெள்ளி' மலிவு விற்பனை வேறு. பயமும் மலிவும் ஒன்றாக வந்தால் நாங்கள் தேவையில்லாததை வாங்கிவிடுவோம். அதனால் இம்முறை பத்தியை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அப்பா அதில் என்ன செய்கிறார்?

லப்டொப்பை எடைபோட முதல் அதைப் பாவிப்பவரை எடைபோட வேண்டும். ஒரு கிழமை அப்பாவைக் கவனித்தேன். காலையில் தமிழ்ச் செய்தித் தளங்கள் நாலைந்து, எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். பிறகு யூரியூப்பில் பழைய பட்டிமன்றமோ கச்சேரியோ. மாலையில் யாழ்ப்பாணத்திலிருக்கும் மாமியோடு வீடியோவில் கதை. முன்பு ஸ்கைப்பில் பேசினார்கள்; 2025 மே மாதம் ஸ்கைப்பை மூடியபிறகு வட்ஸ்அப். இடையில் மருத்துவரின் கடிதம், வங்கிக் கணக்கு, பிறின்ற் எடுக்க ஏதாவது ஒரு படிவம்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் எழுதுவார். எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறார். எந்த ஒழுங்கையில் யார் வீடு இருந்தது, எந்தக் கிணறு நல்ல தண்ணீர், வாசிகசாலையை யார் யார் சேர்ந்து கட்டினார்கள், இப்படி. ஐந்து வருடமாக எழுதி 140 பக்கம் தாண்டிவிட்டது. இது அவர் இரண்டாம் தரம் எழுதுவது. முதல் தரம் எழுதிய மூன்று கொப்பிகள் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது வீட்டிலேயே கிடந்து போயின. எனக்கு அப்போது ஆறு வயது. அப்பாவின் சைக்கிளில் நானும் ஒரு அரிசிப் பையும் இருந்தோம். கொப்பிக்கு இடமிருக்கவில்லை.

ஆகவே, நான் எடைபோட வேண்டியிருந்தது செய்தி வாசிக்கும் கருவியை மட்டும் அல்ல. அந்த 140 பக்கமும் பழைய லப்டொப்பில், ஒரே ஒரு இடத்தில், பாமினி எழுத்துருவில் இருந்தது. அதை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சேதமில்லாமல் கொண்டுபோக வேண்டும்.

முதலில், வாங்கத்தான் வேண்டுமா?

விண்டோஸ் 11க்கு மாற மைக்ரோசொஃப்ற் கேட்பவை: 4 ஜிபி மெமரி, 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, ஏற்றுக்கொள்ளப்பட்ட பட்டியலில் உள்ள புரொசெஸர். பலர் தடுக்கி விழுவது கடைசியில்தான். இன்டெல் என்றால், ஒருசில விதிவிலக்குத் தவிர, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ஐ5-8250 என்று இருந்தால் முதல் எண்ணான 8தான் தலைமுறை. 2018க்குப் பிறகு வாங்கிய பெரும்பாலான லப்டொப்கள் தேறிவிடும். அப்பாவினுடையது ஏழாம் தலைமுறை. ஒரு படியில் தவறிவிட்டது. உங்களுடையது தேறுமா என்று பார்க்க மைக்ரோசொஃப்றின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலி போதும்.

தேறாவிட்டாலும் இன்றே கடைக்கு ஓடத் தேவையில்லை. விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்ரோபர் 13 வரை நீடித்துக்கொள்ள ஒரு திட்டம் இருக்கிறது. செற்றிங்ஸில் அப்டேற் பக்கத்தில் பதிவு செய்யலாம். உங்கள் கணினியின் அமைப்புகளை மைக்ரோசொஃப்ற் கணக்கோடு இணைத்துச் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லை. அது விருப்பமில்லை என்றால் 30 அமெரிக்க டொலர். ஒரு வருடத் தவணை. லப்டொப் நன்றாக ஓடுகிறது, கையில் காசு இறுக்கம் என்றால் இதுதான் என் முதல் ஆலோசனை.

நான் ஏன் அந்தத் தவணையை எடுக்கவில்லை? அப்பாவின் பற்றரி இருபது நிமிடம்கூடத் தாங்காது. வயர் கழன்றால் எழுதியது போச்சு. ஐந்து வருட உழைப்பை அதன் மேல் வைத்துக்கொண்டு இன்னொரு வருடம் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் துணிவில்லை.

நான் முன்பு விட்ட பிழை

மூன்று வருடத்துக்கு முதல் அம்மாவுக்கு ஒரு லப்டொப் வாங்கிக் கொடுத்தேன். 250 டொலர். புத்தம் புதுசு, பார்க்க வடிவு. 4 ஜிபி மெமரி, 64 ஜிபி சேமிப்பு. "அம்மா என்ன பெரிசாச் செய்யப் போறா" என்று நினைத்தேன். விண்டோஸும் அதன் துணைப் பொருட்களுமே அந்த 64இல் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டன. ஒரு வருடத்தில் அப்டேற் இறங்க இடமில்லை. யூரியூப்பைத் திறந்துவிட்டு வட்ஸ்அப்பைத் திறந்தால் சிலை மாதிரி நிற்கும். அம்மா தனக்குத்தான் கணினி பாவிக்கத் தெரியவில்லை என்று நினைத்து, அதை மூடி அலுமாரியில் வைத்துவிட்டா. பிழை அம்மாவில் இல்லை, என்னில். "வயசான ஆக்களுக்கு இது காணும்" என்ற எண்ணம்தான் 250 டொலரை வீணாக்கியது. வயதானவர்கள் எங்களைவிடப் பொறுமையாகப் பாவிப்பார்கள்; ஆனால் மக்கர் பண்ணும் பொருளை எங்களைவிடச் சீக்கிரம் கைவிட்டுவிடுவார்கள்.

நான்கு எண்கள்

இம்முறை என் வரம்பு வரியோடு 700 டொலர். ஒன்ராறியோவில் 13 சதவீத எச்எஸ்ரி. ஆகவே விலைச்சீட்டில் 619க்கு மேல் போகக் கூடாது. இந்த விலைக்குள் நான்கு எண்களைத்தான் பார்த்தேன்.

மெமரி: இது அடுப்படி மேசை மாதிரி. ஒரே நேரத்தில் எத்தனை சட்டியை இறக்கி வைக்கலாம் என்பதை இதுதான் தீர்மானிக்கும். 8 ஜிபி ஆகக் குறைந்தது. 16 இருந்தால் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை. 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லப்டொப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் இருந்தது 2 ஜிபி. 2025இல் கல்லூரி மாணவர்களுக்காகக் கோரிய ஒப்பந்தத்தில் 8 ஜிபி மெமரியும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்டிருந்தார்கள். லட்சக்கணக்கில் வாங்கும், ஒவ்வொரு ரூபாயையும் எண்ணும் அரசே 8க்குக் கீழே இறங்கவில்லை. நாங்கள் ஏன் இறங்க வேண்டும்?

இன்னொரு விடயம். இந்த விலையில் வரும் மெலிந்த லப்டொப்கள் பலவற்றில் மெமரி பலகையோடு ஒட்டியே வருகிறது. பிறகு கூட்ட முடியாது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதால் 2025 இலையுதிர்காலத்தில் மெமரி விலையும் ஏறத் தொடங்கியது. "இப்ப 8 வாங்கி, பிறகு போடலாம்" என்ற கணக்கு சரிவராது.

சேமிப்பு: 256 ஜிபி எஸ்எஸ்டி போதும், 512 நல்லது. 'இஎம்எம்சி' என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அம்மாவுக்கு நான் வாங்கியது அதுதான்.

புரொசெஸர்: இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டையும் பாருங்கள். பெயரில் பத்துத்தான் வித்தியாசம். ஆனால் இந்த வரிசையில் மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது. 7520இல் உள்ள 2, ஏஎம்டி 2019இல் கொண்டுவந்த ஸென் 2 வடிவமைப்பு, நான்கு கோர்கள். 7530இல் உள்ள 3, அதற்கு அடுத்த ஸென் 3, ஆறு கோர்கள். லெனோவோவின் ஐடியாபாட் ஸ்லிம் 3 என்ற ஒரே பெயரில் இந்த இரண்டு விதமும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. பெட்டியின் ஓரத்தில் ஒன்றில் 15ஏஎம்என்8 என்றும் மற்றதில் 15ஏபிஆர்8 என்றும் இருக்கும். இதில் களவு ஒன்றுமில்லை, எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் சின்ன எழுத்தில். கடையில் மாதிரிப் பெயரைக் கேட்காதீர்கள். முழு மாதிரி எண்ணைப் போனில் படமெடுத்து வீட்டில் வந்து பாருங்கள். இன்டெல்லில் என்100, என்200 என்று 'என்' எழுத்தோடு வருபவை ஆகச் சிக்கனமானவை. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றால் காணும். அப்பாவைப் போல நாலைந்து தளம் திறப்பவருக்குக் காணாது.

திரை: 15.6 அங்குலம், 1920க்கு 1080 புள்ளிகள். இன்னும் சில மலிவு மாதிரிகள் 1366க்கு 768 என்று வருகின்றன. ஆங்கிலம் வாசிப்பவருக்கு அது சமாளிக்கலாம். தமிழுக்கு முடியாது. ன, ண இரண்டின் சுழியும் ஒன்றோடொன்று கலந்துவிடும்; மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும். நான் கடையில் செய்த பரிசோதனை மிகச் சுலபம். காட்சிக்கு வைத்திருந்த லப்டொப்பில் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து, அப்பாவை ஒரு கை தூரத்தில் நிற்க வைத்தேன். "புள்ளி தெரியுதோ?" மூன்று லப்டொப்பில் இரண்டில் தெரிந்தது. தெரியாத ஒன்றுதான் மற்ற இரண்டையும் விட விலை கூட. வெளிச்சம் 300 நிற்ஸ் என்று இருந்தால் நல்லது; 250 என்றால் ஜன்னலோரம் வேண்டாம்.

விசைப்பலகையைத் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்

கனடாவில் விற்கும் லப்டொப்களில் ஒரு பகுதி ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் பொறித்த விசைப்பலகையோடு வருகிறது. அதில் இடப்பக்க ஷிப்ற் விசையைப் பாதியாக்கி, பக்கத்தில் இன்னொரு விசையை வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது சின்னத் தொல்லை. பாமினியில் எழுதுபவருக்குப் பெரிய தொல்லை. கு, து, பு, மு எல்லாம் ஷிப்றோடுதான் வரும். ஒரு வசனத்துக்குப் பத்துத் தரம் அந்த விசையைத் தட்ட வேண்டும். அப்பா கடையில் நின்று கண்ணை மூடி "முருகன் துணை" என்று தட்டிப் பார்த்தார். திரையில் ஆங்கில எழுத்துகள்தான் வந்தன. ஆனால் அவருக்கு விரல் போன இடம் தெரியும். "இது சரிவராது, விரல் பிழைக்குது" என்று சொல்லிவிட்டார். நான் தனியாகப் போயிருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். இருபது டொலர் குறைவு.

பழையதா, புதியதா?

நிறுவனங்கள் மூன்று, நான்கு வருடம் பாவித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் லப்டொப்களைத் துடைத்துத் திருத்தி விற்கும் கடைகள் ரொறன்ரோவில் நிறைய. திங்க்பாட், லற்றிரியூட், எலைற்புக் எல்லாம் இப்படி வரும். நான் பார்த்தவை 300 டொலரிலிருந்து 450 வரை. கட்டுமானம் மலிவுப் புதிய லப்டொப்பைவிட உறுதி, விசைப்பலகை அருமை. உதாரணமாக 2018இல் வந்த திங்க்பாட் டி480 எட்டாம் தலைமுறை இன்டெல்லோடு வந்தால் விண்டோஸ் 11க்குத் தேறும். மெமரிக்கு இரண்டு துளை, வெளியே கழற்றி மாற்றக்கூடிய பற்றரி.

ஆனால் மூன்றைக் கேட்டுப் பாருங்கள். புரொசெஸர் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததா? திரை 1366க்கு 768ஆ? டி480இலும் அப்படி ஒரு விதம் உண்டு. பற்றரி புதிதா, பழையதா, கடை எத்தனை மாதம் பொறுப்பு எடுக்கும்? பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். அப்பாவுக்கு ஏன் வாங்கவில்லை என்றால், இந்த வகையில் பெரும்பாலானவை 14 அங்குலம். அவருடைய கண்ணுக்கு அந்த ஒன்றரை அங்குலம் வேண்டியிருந்தது.

குரோம்புக்? பள்ளிப் பிள்ளைகளுக்கும் செய்தி மட்டும் பார்ப்பவர்களுக்கும் நல்லது. 2021க்குப் பிறகு வந்தவற்றுக்கு, அந்த மாதிரி வெளியானதிலிருந்து பத்து வருடம் அப்டேற் தருவதாகக் கூகுள் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸில் ஓடும் பழைய தமிழ் எழுத்துக் கருவிகளை அதில் நிறுவ முடியாது. அதேபோல மலிவு விண்டோஸ் லப்டொப் சிலவற்றில் 'எஸ் மோட்' என்று இருக்கும். மைக்ரோசொஃப்ற் கடையில் உள்ள செயலிகளைத் தவிர வேறொன்றும் அதில் ஏறாது. பயப்படத் தேவையில்லை, காசில்லாமல் அதிலிருந்து வெளியேறலாம். திரும்பிப் போகத்தான் முடியாது.

இரண்டு கிழமைப் பரீட்சை

கடைசியில் வாங்கியது: 15.6 அங்குலம், ரைசன் 5 7530யூ, 16 ஜிபி, 512 ஜிபி, ஆங்கில விசைப்பலகை. விலை 599, வரி 77 டொலர் 87 சதம், மொத்தம் 676 டொலர் 87 சதம். எந்தக் கம்பனி என்று எழுதவில்லை. நீங்கள் கடைக்குப் போகும்போது அந்த மாதிரி இருக்காது, எண்கள் இருக்கும்.

காசாளர் இரண்டு வருட மேலதிக உத்தரவாதம் விற்கப் பார்த்தார், 130 டொலர். வாங்க முதல் உங்கள் கடன் அட்டையின் விதிகளைப் பாருங்கள். கனடாவில் பல அட்டைகள் தயாரிப்பாளரின் உத்தரவாதத்தை இன்னொரு வருடம் சும்மாவே நீடிக்கின்றன. இன்னொன்றும் கவனியுங்கள்: மனம் மாறியதற்காகப் பொருளைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று ஒன்ராறியோவில் கடைகளுக்குச் சட்டம் இல்லை. அது அந்தந்தக் கடையின் கொள்கை. பில்லின் பின்பக்கத்தை வாசித்து, எத்தனை நாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு 14 நாள். அந்த 14 நாளும் அப்பா பாவித்த விதத்திலேயே பரீட்சித்தேன்.

பற்றரி: செய்தியும் வீடியோவும் எழுத்தும் கலந்து ஐந்தரை மணித்தியாலம். பெட்டியில் எழுதியிருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் கூட. இந்த விலைக்கு அது சரி.

திரை: எழுத்துகளை 150 சதவீதம் ஆக்கியபிறகு அப்பா கண்ணாடியைத் துடைக்கிறதைக் குறைத்துவிட்டார். நிறங்கள் கொஞ்சம் வெளிறல். படம் திருத்துபவர்களுக்கு ஏற்காது.

கமெரா: சுமார். மாலையில் மாமிக்கு அப்பாவின் முகம் கறுப்பாகத் தெரிந்தது. ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தவரை ஜன்னலைப் பார்த்து இருத்தினேன். சரியாகிவிட்டது.

சத்தம்: மெல்லிசு. 20 டொலருக்கு வயர் வைத்த ஹெட்செற் ஒன்று வாங்கினோம்.

வேகம்: செய்தித் தளம் ஆறு, யூரியூப், வேர்ட் எல்லாம் திறந்து வைத்தும் நிற்கவில்லை. விசிறி அதிகம் கத்தவில்லை.

சும்மா வந்த தொல்லைகள்: பரீட்சார்த்த வைரஸ் காவலன் ஒன்று நாளுக்கு மூன்று தரம் காசு கேட்டது. அழித்துவிட்டேன், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். வன்ட்ரைவ் உங்கள் கோப்புகளைத் தானாக மேலே ஏற்றும். இலவச அளவு 5 ஜிபிதான். எழுத்துக் கோப்புகளுக்கு அது தாராளம். படங்களையும் ஏற்ற விட்டால் ஒரு மாதத்தில் நிரம்பிவிடும்.

"எல்லாம் போச்சா?"

இரண்டாம் நாள் அப்பாவின் கோப்பைப் புதியதில் திறந்தோம். 140 பக்கமும் ஆங்கில எழுத்துகளாக, அர்த்தமில்லாமல், இடையிடையே அரைப்புள்ளியும் கமாவுமாக நின்றன. அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்: "எல்லாம் போச்சா தம்பி?"

ஒன்றும் போகவில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்தைத் தட்டினால் பாமினி அதை 'தமிழ்' என்று காட்டும். கோப்புக்குள் இருப்பது அந்த ஐந்து ஆங்கில அடையாளங்கள்தான். எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி அவை வெளியே தெரியும். பழைய லப்டொப்பின் ஃபொன்ற்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியை யூஎஸ்பியில் எடுத்துப் புதியதில் நிறுவினேன். ஒரு நிமிட வேலை. கோப்பைத் திரும்பத் திறந்ததும் ஊர் திரும்பி வந்தது. அப்பா முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பார்த்தார்.

அந்த ஒரு நிமிடம் என்னை விடவில்லை. இந்த எழுத்துரு ஒரு நாள் யாரிடமும் இல்லாமல் போனால்? என் மகள் பெரியவளாகித் திறந்தால் அவளுக்கு என்ன தெரியும்? புலம்பெயர்ந்த வீடுகளில் எத்தனை ஊர்ச்சங்க மலர், எத்தனை கல்வெட்டு, எத்தனை கடிதம் இப்படிப் பாமினிக்குள் கிடக்கும்! தமிழ் 1991இலேயே யுனிகோடில் சேர்ந்துவிட்டது. யுனிகோடில் எழுதியதற்கு எந்தப் போர்வையும் தேவையில்லை. எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும்.

ஆகவே மாற்றினோம். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி போன்றவை இணையத்தில் இலவசம். பாமினியை ஒட்டினால் யுனிகோட் வரும். இரண்டு எச்சரிக்கை. மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள். இடையில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழெழுத்தாக மாறிக் குழம்பும். அப்பாவின் கோப்பில் வாசிகசாலைக்கு எடுத்த ஆங்கிலப் பத்திரிகைகளின் பெயர்கள் அப்படிக் குழம்பின. அவரே ஒரு கிழமை இருந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

எழுதும் பழக்கத்தை 71 வயதில் மாற்றச் சொல்லவில்லை. இ-கலப்பை, என்எச்எம் ரைற்றர் போன்ற இலவசக் கருவிகளில் பாமினி விசை ஒழுங்கே உண்டு. விரல் பழைய இடத்தில் தட்டும், திரையில் யுனிகோட் வரும். புதிதாகப் பழகுபவர்கள் விண்டோஸோடு வரும் தமிழ் ஒலியியல் பலகையோடு தொடங்கலாம்.

இப்போது அந்தக் கோப்பு நான்கு இடத்தில் இருக்கிறது: புதிய லப்டொப், வன்ட்ரைவ், என் வீட்டு அலுமாரியில் ஒரு யூஎஸ்பி, யாழ்ப்பாணத்தில் மாமியின் போன். லப்டொப் வாங்க ஒதுக்கும் காசில் 20 டொலரை யூஎஸ்பிக்கு ஒதுக்குங்கள்.

மாமி போனில் முதல் அத்தியாயத்தை வாசித்துவிட்டு மறுநாள் வீடியோவில் வந்தா. "அண்ணை, அந்த மூலைக் கிணறு அவையின்ரை இல்லை. பக்கத்து வளவுக்காரரின்ரை. நீங்கள் பிழையா எழுதிப் போட்டியள்." அரை மணித்தியாலம் வாக்குவாதம். அம்மாவும் இடையில் சேர்ந்துகொண்டா. ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அம்மா அந்த எழுத்தை வாசித்ததில்லை. போனில் பாமினி தெரியாது, லப்டொப்பில் அம்மாவுக்கு விருப்பமில்லை. இப்போது தன் போனில் வாசித்து, பக்க எண் சொல்லிப் பிழை பிடிக்கிறா.

பதினான்காம் நாள் அப்பாவிடம் கேட்டேன், "திருப்பிக் கொடுக்கவோ, வைச்சிருக்கவோ?"

"சத்தம் குறைவு. மற்றும்படி நல்லாயிருக்கு. வைச்சிரு," என்றார். பிறகு, "கிணத்துப் பகுதியை ஒருக்காத் திருத்த வேணும்," என்று சொல்லிவிட்டு ஹெட்செற்றை எடுத்து மாட்டினார்.

கறுப்பு வெள்ளிக்குப் போகும் எல்லோருக்கும் சுருக்கமாக: 16 ஜிபி மெமரி, 256க்குக் குறையாத எஸ்எஸ்டி, மூன்றாவது எண்ணைப் பார்த்த புரொசெஸர், ஒரு கை தூரத்தில் புள்ளி தெரியும் திரை. பாவிக்கப் போகிறவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்ததும் பழையதை எறிய முதல், அதற்குள் யாருடைய எழுத்து இருக்கிறது என்று ஒருக்கால் திறந்து பாருங்கள்.